மேடம் இறங்காத மடி

"மூச்சை மெதுவா விடுங்க சார். மேடம் வர்றாங்க."

கேப்டன் இதைச் சொல்லும்போது அவருடைய உதடுகூட அசையவில்லை. கூடத்தின் நடுவே கிடக்கும் பிரம்பு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, முழங்கால்களை ஒட்டி வைத்து, இரண்டு கைகளையும் நாற்காலிக் கைகளின் மேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். படம் பிடிக்க உட்கார வைத்துவிட்டுப் போட்டோக்காரர் வீட்டுக்குப் போய்விட்டால் ஒரு மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருக்கிறார். மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது, பக்கவாட்டில் காற்று அடிக்கக் கூடாதாம். சமையலறை வாசலிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை வருகிறது. ஒரு காது பாதிதான் இருக்கிறது. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. முன்னங்காலைத் தூக்கி அவர் முட்டியின் மேல் வைக்கிறது. கேப்டனின் காது சிவக்கிறது. பூனை அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொள்கிறது. நேராகச் சோபாவுக்கு வந்து, ஒரே தாவலில் என் மடியில் ஏறிச் சுருண்டு படுக்கிறது.

"போச்சு," என்கிறார் கேப்டன்.

எனக்கும் பூனைக்கும் ஏழாம் பொருத்தம். பூனை பக்கத்தில் வந்தாலே எனக்குத் தும்மல் வரும். தும்மினாலும் இந்தப் பூனை எழுந்திருக்காது. கண்ணைத் திறந்து, ஏதோ நான் அதன் வீட்டில் வந்து தும்மிவிட்டதைப்போலப் பார்க்கும்.

கேப்டன் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். நான் முதல் மாடியில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். அவர் விமானம் ஓட்டுகிறவர். சின்ன விமானம் இல்லை, பெரியது. ஒரு தியேட்டர் கூட்டத்தை அப்படியே அள்ளி ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போய், மழையிலும் மேகத்திலும் வழி கண்டுபிடித்து, தூங்குகிற குழந்தை விழிக்காதபடி தரையில் இறக்குகிறவர். அவரோடு பறந்த ஒருவர், இறங்கியதே தெரியாமல் இன்னும் பறக்கிறோம் என்று உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரின் மடியில் ஒரு பூனை இறங்க மாட்டேன் என்கிறது. அவருடைய வாழ்க்கையில் இப்போதைக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை.

ஆள் நெடிதாக இருப்பார். அடர்ந்த புருவம், மேலே அதற்கு ஈடுகட்டுகிற வழுக்கை. அவசரம் என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. எதையும் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும், ஒருவர் சொல்ல இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் பழக்கம். இரண்டாவது ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு வேஷத்தையும் அவரே கட்டுவார். வீட்டைப் பூட்டும்போது, "பூட்டு," என்பார். கைப்பிடியை இழுத்துப் பார்த்துக் கொஞ்சம் வேறு குரலில், "பூட்டியாச்சு," என்பார். மாடிப்படியில் ஏறி வருகிறவர்கள் யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்வதாக நினைப்பார்கள்.

காய்கறிக் கடையிலும் இதே கதைதான். தக்காளி அரைக் கிலோ என்று அவர் சொன்னால், கடைக்காரம்மா திருப்பிச் சொல்ல வேண்டும்.

"தக்காளி அரைக் கிலோ சார். நானும் சொல்லிட்டேன், தராசும் சொல்லிடுச்சு. இன்னும் யாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லணும்?" என்று அந்த அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"அப்படியில்லம்மா, போதும். ரொம்பத் தெளிவா இருந்துச்சு," என்று கேப்டன் உண்மையான நன்றியோடு சொன்னார்.

இந்தப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் நான் விளக்கியாக வேண்டும். விமானத்தின் முன்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எந்த நிமிஷத்திலும் விமானம் யாராவது ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஓட்டக் கூடாது. அதைவிட முக்கியம், மற்றவர் ஓட்டுகிறார் என்று நினைத்து இரண்டு பேரும் சும்மா இருந்துவிடக் கூடாது. அதனால் கொடுக்கிறவர் "உங்க கையில" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "என் கையில" என்று வாய் திறந்து திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவரைக்கும் கைமாறியதாகக் கணக்கில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேப்டன் இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

வேலைக்குக் கிளம்பும்போது அவர் தன் வளர்ப்புப் பிராணிகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றிவிட்டுத்தான் படி இறங்குவார். முதலில் இதை மனைவியிடம் செய்து பார்த்தார். மனைவி கணக்கு டீச்சர். அநாவசியமாக ஒரு வார்த்தை செலவழிக்க மாட்டார்.

"எனக்குத் தலை இருக்கு, ஆட்டறேன். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க," என்று சொல்லிவிட்டார்.

தலையாட்டல் செல்லாது. விமானத்தில் யாரும் தலையாட்டி எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே கைமாற்றம் முழுவதும் என் தலையில் விழுந்தது. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவன், கேட்டால் மறுக்கத் தெரியாதவன், போதாக்குறைக்கு அவர்கள் வீட்டுச் சாவி ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

ஒருநாள் கேப்டன் கீழே காரில் ஏறும்போது என் ஜன்னலைப் பார்த்து, "மேடம் உங்க கையில," என்றார். மேடம் என்பது பூனையின் பெயர். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்ததால் தலையை ஆட்டினேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன். சோப்புப் போட்டு முடிக்கவில்லை, போன் அடிக்கிறது. நிற்கிறது, மறுபடியும் அடிக்கிறது.

"சார், நீங்க திருப்பிச் சொல்லல," என்றார் கேப்டன். பின்னணியில் பயணிகள் பெட்டிகளை ஏற்றுகிற சத்தம். "கதவை மூடப் போறாங்க. மேடம் இன்னும் என் கையிலதான் இருக்காங்க. சொல்லிடுங்க."

"சொல்றேன் கேப்டன்."

"சொல்றேன்னு சொல்லாதீங்க சார். சொல்லுங்க."

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பால்கனியில் நின்றால்தான் போன் சரியாகக் கேட்கும். துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் நுரையோடு பால்கனிக்கு ஓடி, "மேடம் என் கையில! மேடம் என் கையில!" என்று கத்தினேன். எதிர்வீட்டு நூலகர் அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பூவாளியைக் கீழே வைத்தார், ஜன்னலைச் சாத்தினார். அதற்கப்புறம் அந்த ஜன்னல் திறந்து நான் பார்க்கவில்லை. விமானம் மட்டும் நேரத்துக்குக் கிளம்பிவிட்டதாம்.

மேடத்தைப் பற்றிப் பேசும் முன் பார்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேப்டன் வருத்தப்படுவார். பார்சல் ஒரு நாய். குட்டியாக ஒரு மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். ஆட்டுக்குட்டி அளவோடு நின்றுவிடும் என்று கொடுத்தவர் சொன்னார்; அது கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு உயரம் என்றால் பயம். பைலட் வீட்டு நாய், மூன்றாம் மாடியில் வாசம், பால்கனிப் பக்கம் போனால் வயிறு தரையில் ஒட்டப் படுத்துக்கொள்ளும். லிஃப்டில் ஏற்றினால் வாந்தி எடுக்கும். காரில் ஏற்றினால் கார் கிளம்பும் முன்பே எடுக்கும். மாடிப்படியில் மேலே ஏறச் சொன்னால் ஏறும். இறங்கச் சொன்னால் கீழே பார்த்துவிட்டுக் கேப்டனின் காலைக் கட்டிக்கொள்ளும்.

ஆகவே தினமும் கேப்டன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். இறங்கும்போது அது நடுங்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். விமானத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிற அதே குரலில், நாயின் காதருகே, "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. இன்னும் சற்று நேரத்தில் நாம் தரையிறங்க இருக்கிறோம். வெளியே வானம் தெளிவாக உள்ளது. இருக்கையை விட்டு எழ வேண்டாம்," என்பார். பார்சல் கண்ணை மூடிக்கொண்டுவிடும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் டீச்சர் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள, நான் முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு இந்த அறிவிப்பைச் செய்கிறேன். என் குரலுக்குப் பார்சல் ஒரு கண்ணை மட்டும் மூடுகிறது.

பார்சலுக்குக் கேப்டன்தான் உலகம். அவர் வீட்டுக்குள் வந்தால் சந்தோஷத்தில் அதற்கு வாந்தி வரும். ஆனால் கேப்டனின் மனசு மேடத்தின் மேல் இருக்கிறது.

மேடம் வந்த விதம் அப்படி. ஒரு புயல் மழை நாளில் கேப்டன் எங்கேயோ பனி கொட்டுகிற விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பால்கனிக் கதவைத் திறந்ததும் இந்தப் பூனை நனைந்தபடி உள்ளே வந்தது. மூன்றாம் மாடிக்கு எப்படி ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தது. கடைசியில் அலமாரிக்கு மேலிருந்த கேப்டனின் பழைய சீருடைத் தொப்பியைக் கவிழ்த்து, அதற்குள் படுத்துத் தூங்கிவிட்டது. பனி விட்டுக் கேப்டன் வீடு திரும்பியபோது, மேடம் நடைவழியில் நின்று அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பெட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்பதுபோல டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே ஏறி உக்காந்துட்டாங்க சார். அவங்களைப் பொறுத்தவரைக்கும் நான்தான் லேட்டா வந்த பயணி," என்கிறார் கேப்டன்.

மேடம் கேப்டனின் தொப்பியில் படுப்பார். அவர் தலையணையில் படுப்பார். இஸ்திரி போட்டு வைத்த சீருடைச் சட்டையின் தோள்பட்டைக் கோடுகள் மேல் தாடையை வைத்துப் படுப்பார். கேப்டன் தோளில் பூனை மயிரோடுதான் நாடு நாடாகப் போய் வருகிறார். அதைத் தட்டிவிடவும் மாட்டார். ஆனால் அந்தச் சட்டைக்குள் கேப்டன் இருந்தால் மட்டும் மேடம் கிட்டே வருவதில்லை.

இதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"வாரத்துல பாதி நாள் ஓட்டல் ரூம்ல முழிக்கறேன் சார். முழிச்சதும் இது எந்த ஊருன்னு யோசிக்கணும். அது பழகிப்போச்சு. ஆனா இப்பல்லாம் வீட்டுல முழிச்சாலும் யோசிக்கறேன். பாத்ரூம் எந்தப் பக்கம்னு சட்டுனு தெரியமாட்டேங்குது. டீச்சர் பாசமாத்தான் இருக்காங்க, பார்சல் வாந்தி எடுப்பான். அதெல்லாம் சரி. ஆனா பூனைக்குத்தான் சார் சரியாத் தெரியும், வீட்டுல யார் இருக்காங்க, யார் வந்துட்டுப் போறாங்கன்னு. அது முகத்துக்காகச் சொல்லாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிஷம் அந்த மனிதர் மேல் பாவமாக இருந்தது. மேடம் அப்போதும் என் மடியில்தான் இருந்தார். கீழே இறக்கிவிடப் பார்த்தேன், நகத்தைப் பதித்துக்கொண்டார்.

விஷயம் முற்றியது போன மாதம். டீச்சருக்குத் தலைமை ஆசிரியை பதவி கிடைத்தது. காலையில் போனால் சாயங்காலம் இருட்டித்தான் வருகிறார். கேப்டனும் இல்லாத நாட்களில் மேடம் தனியாக இருந்து, திரைச்சீலைகளை நூல் நூலாகப் பிரித்துவைத்தார். டீச்சருக்கு ஒரு தங்கை உண்டு. வீட்டிலேயே துணி தைக்கிறவள். வீட்டில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம். மேடத்தைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னாள். நியாயமான பேச்சுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேப்டன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, ஒண்ணு வெச்சுக்கலாம். தங்கச்சி ஞாயித்துக்கிழமை வர்றா. அதுக்குள்ள அது ஒரே ஒரு தடவை உங்க மடியில வந்து உக்காந்துடுச்சுன்னா இங்கேயே இருக்கட்டும், திரை போனா போகுது. உக்காரலைன்னா, அதுக்கும் இந்த வீட்டுல பெருசா பிடிப்பு இல்லைன்னுதான அர்த்தம்?"

"மேடம் இஷ்டம்," என்றார் கேப்டன். பூனையைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து கூடத்தின் நடுவில் பிரம்பு நாற்காலி வந்துவிட்டது. நானும் எனக்குத் தெரிந்த யோசனைகளைச் சொன்னேன். பேசாமல் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன்.

"அது லேண்டிங் இல்ல சார். விபத்து."

சரி, பேன்ட்டில் கொஞ்சம் மீன் குழம்பு தடவிக்கொள்ளலாமே என்றேன்.

"அப்படி வந்தா அது மீன்கிட்ட வந்ததா, என்கிட்ட வந்ததா?" என்று கேட்டார். "நாம ரன்வே, சார். ரன்வே வேலை என்ன? சும்மா கிடக்கறது. ஓடிப்போய்ப் பிளேனைப் பிடிக்கறது இல்ல. இறங்க வர்றவங்களுக்குக் கடைசி நேரத்துல மனசு ஒப்பலைன்னா மறுபடி மேல ஏறிச் சுத்திட்டு வரலாம். ஏன் இறங்கலைன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. எங்க தொழில்ல அதுதான் மரியாதை."

எங்கே தவறு என்பதையும் அவரே கண்டுபிடித்தார். தவறு நான்தான். எந்த விமானம் கிளம்பினாலும், போகிற இடத்தில் இறங்க முடியாவிட்டால் போய் இறங்க இன்னொரு விமான நிலையத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார்களாம். "நீங்கதான் சார் அந்த மாற்று ஏர்போர்ட். நீங்க பக்கத்துல இருக்கறவரைக்கும் மேடத்துக்கு என்கிட்ட இறங்கணும்னு கட்டாயமே இல்லை."

"அப்ப நான் மேல வரலை கேப்டன்."

"வராம எப்படி, பார்சலை யார் பார்த்துக்கறது? வாங்க. ஆனா உக்காராதீங்க. நீங்க உக்காந்தா மடி உண்டாகுது."

அதிலிருந்து நான் அந்த வீட்டில் நின்றுகொண்டுதான் தேநீர் குடிக்கிறேன். எனக்கு முட்டி வலி உண்டு என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

நடுவில் அவருக்கு ஒரு பயணம் வந்தது. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஓட்டல் அறையில் நாற்காலி போட்டு அசையாமல் இருந்து பழகியிருக்கிறார். அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், அலறிக்கொண்டு வெளியே ஓடினாராம். மேலாளர் வந்து நாடி பிடிக்கும்வரை அசையக் கூடாது என்றுதான் இருந்தேன் என்று போனில் பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின ராத்திரி முழுக்க விமானம் ஓட்டிவிட்டுக் கேப்டன் காலையில்தான் வருவதாக இருந்தது. அவருக்கு முன்பே தங்கை வந்துவிட்டாள். மூடி போட்ட கூடை ஒன்று, அதற்குள் அவளே தைத்த வெல்வெட் மெத்தை, ஓரத்தில் சரிகைகூட வைத்திருந்தாள். சுறுசுறுப்பான பெண். உட்கார்ந்த இடத்திலிருந்தே கிழிந்த திரையைப் பார்த்து, எத்தனை முழம் துணி வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கேப்டன் வந்தார். பார்சல் ஓடிப்போய் வழக்கம்போலச் சந்தோஷத்தை வாசலில் கொட்டியது. டீச்சர் துணி எடுத்துவந்து துடைத்தார். கேப்டனின் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. கூடையைப் பார்த்தார். பெட்டியை ஓரமாக வைத்தார்.

"வாம்மா. கொஞ்சம் இரு. நான் ஒரே ஒரு தடவை உக்காந்து பாத்துடறேன்," என்று மைத்துனியிடம் சொன்னார்.

"நல்லா பாருங்க அத்தான். எனக்கென்ன அவசரம்," என்றாள் அவள். ஆனால் கூடையின் மூடியைத் திறந்துவைத்தாள்.

கேப்டன் மின்விசிறியை நிறுத்தினார். சீருடையோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்களைச் சேர்த்தார், கைகளை நீட்டி வைத்தார், முதுகை நிமிர்த்தினார். அந்த முதுகு கொஞ்ச நேரம்தான் நிமிர்ந்திருந்தது. பிறகு தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. குறட்டை வந்துவிட்டது.

"ஐயோ பாவம். எழுப்பி உள்ள படுக்கச் சொல்லு அக்கா," என்றாள் தங்கை.

டீச்சர் எழுந்தார். அப்போது சமையலறையிலிருந்து மேடம் வந்தார்.

நான் பார்சலின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி வாசலோரம் நின்றிருந்தேன். என் முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன; பின்னாலேயே ஒரு முக்காலி இருந்தது. உட்காரவில்லை. மேடம் முதலில் கூடையைப் பார்த்தார். வெல்வெட்டை முகர்ந்தார். சோபாவில் தங்கை மடியைத் தட்டி, "வாடா செல்லம்," என்றாள். அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, என் மடி இருக்க வேண்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார். நான் இன்னும் விறைப்பாக நின்றேன். பார்சலுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரைப்பு கிளம்புவது என் கைக்குத் தெரிந்தது. குனிந்து அதன் காதில், "பயணிகளின் கனிவான கவனத்துக்கு," என்று ஆரம்பித்தேன். "இன்னும் சற்று நேரத்தில் நாம் தரையிறங்க இருக்கிறோம்..."

பார்சல் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. என் குரலுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

மேடம் நாற்காலியைச் சுற்றினார். முட்டியில் கால் வைத்தார். கேப்டனின் காது சிவக்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேடம் ஏறினார். சீருடையின் தொடைப்பகுதியை நாலு மிதி மிதித்துச் சமன்படுத்தினார். இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் போட்டார். வாலைச் சுருட்டி மூக்கின் மேல் வைத்துப் படுத்துவிட்டார்.

தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தும்மலால்தான் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

"இது செல்லாது," என்று தங்கை கிசுகிசுத்தாள்.

"ஏன் செல்லாது? உக்காந்துடுச்சுல்ல?" என்று டீச்சரும் கிசுகிசுத்தார்.

"அவர் தூங்கறாருக்கா. நாற்காலின்னு நினைச்சு உக்காந்திருக்கு."

"இத்தனை நாளா அந்த நாற்காலி அங்கேதான் கிடக்கு. காலியா இருக்கறப்போ ஒருநாளும் உக்காரலையே."

தங்கை விடுகிற ஆள் இல்லை. முன்பு ஒருமுறை தன் கைக்குழந்தையைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, "குழந்தை உங்க கையில" என்று அவளைச் சொல்லவைத்து, "என் கையில" என்று தானும் சொன்ன பிறகுதான் அவர் அவளை விட்டிருக்கிறார். அதை அவள் மறக்கவில்லை. "அத்தானே சொல்லுவாரே, வாங்கிக்கறவங்க வாயால சொன்னாத்தான் கணக்குன்னு. இப்ப அவர் வாங்கிக்கிட்டாரா? சொல்லட்டும், நான் கூடையை எடுத்துட்டுப் போயிடறேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். எழுப்பினால் அவர் அசைவார். அசைந்தால் மேடம் போய்விடுவார். எழுப்பாவிட்டால் அவர் சொல்லப் போவதில்லை. டீச்சர் கையிலிருந்த துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். அடிமேல் அடி வைத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போய், கணவரின் காதருகே குனிந்தார். இத்தனை வருஷமாகத் தலையை மட்டும் ஆட்டிக் காலம் தள்ளியவர்.

"என்னங்க," என்றார். குறட்டை நிற்கவில்லை. டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்தார். முகத்தில் லேசான வெட்கம். பிறகு வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மேடம் உங்க கையில."

குறட்டை நின்றது. கேப்டனின் கண் திறக்கவில்லை. புருவம் மட்டும் மேலே ஏறியது.

"என் கையில," என்றார். தூக்கத்தில்தான் சொன்னார். ஆனால் தெளிவாகச் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சொல்கிற குரல்.

தங்கை கூடையின் மூடியைச் சாத்தினாள்.

நாற்காலிக் கையின் மேல் கிடந்த அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. சற்று நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, ஒரு மயிர்கூடக் கலையாமல், மேடத்தின் முதுகில் இறங்கியது.